தலைக்கட்டு வரிக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

கல்லூரிகளுக்கு லீவு விட்டால் போதும், ஒரே கேள்வியோடு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். "அத்தை, வெப் டெவலப்மென்ட் படிக்கலாம்னு இருக்கேன். எந்த ஃபிரேம்வொர்க்ல ஆரம்பிக்க?" ஃபிரேம்வொர்க் என்றால் வெப்சைட்டுக்கு அடிக்கடி வேண்டிய கோடை முன்கூட்டியே எழுதிச் சேர்த்து வைத்த சட்டகம். யூடியூபில் மணிக்கணக்காகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ரியாக்ட், நெக்ஸ்ட், ஜாங்கோ, லாராவெல், ஸ்பிரிங் பூட் என்று பெயரெல்லாம் மனப்பாடம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன செய்யப் போற?" அதற்குப் பதில் இருக்காது. "முதல்ல கத்துக்கிட்டு, அப்புறம் எதாவது..." என்று இழுப்பார்கள்.

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. யாருக்கு என்று தெரியாமல் சட்டை எடுக்கப் போனால் கடையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் லேப்டாப்போடு திண்ணையில் வந்து உட்காருவார்கள். டியூஷன் என்று சொல்ல முடியாது. ஃபீஸும் இல்லை, சிலபஸும் இல்லை. இந்த முறை பக்கத்து வீட்டுப் பையன், பி.சி.ஏ. இரண்டாம் வருடம், என் கேள்விக்குப் பதிலோடு வந்தான். "கொடைக் கணக்கு."

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணம் ஆன ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு வரி. கணவர் இல்லாத அம்மா தனியாக இருந்தால் அரை வரி. மும்பையிலும் துபாயிலும் இருப்பவர்கள் ஜிபேயில் போட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களில் சிலர் பாதியை இப்போதும் மீதியை அறுப்பு முடிந்தும் கொடுப்பார்கள். போன வருடப் பாக்கி தனி. இத்தனையும் பொருளாளர் மாமாவின் நீள நோட்டில், அவருக்கு மட்டுமே விளங்கும் அடித்தல் திருத்தல்களோடு இருக்கிறது. கொடை முடிந்து கணக்கு வாசிக்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் குரலை உயர்த்தாத வருடம் எனக்கு நினைவில் இல்லை.

இந்த நோட்டை வெப்சைட்டாக மாற்ற வேண்டும் என்றான். ரியாக்டில்.

"ஏன்டா ரியாக்ட்?"

"வேலைக்கு அதத்தான் கேக்காங்களாம் அத்தை."

பொய்யில்லை, கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ரியாக்டின் வேலை திரையில் தெரிவதை வரைவது. ஃபேஸ்புக் 2013இல் அதைத் திறந்துவிட்டபோதும் சரி, இன்றைக்கும் சரி, அது தன்னை லைப்ரரி (வேண்டிய இடத்தில் நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வந்த பணம் எங்கே பதிவாகும், யார் உள்ளே நுழையலாம், ரசீதை யார் அழிக்கலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பில் இல்லை. அதற்குப் பின்னால் வேறொரு சர்வர், டேட்டாபேஸ், ரியாக்டும் சர்வரும் பேசிக்கொள்ள ஓர் ஏபிஐ, லாகின் செய்தவரை அடையாளம் காண ஒரு டோக்கன் எல்லாம் வேண்டும். முதல் ப்ராஜெக்டிலேயே இத்தனையும் ஒருவன் தலையில் விழுந்தால் தலைக்கட்டு வரி எங்கே நினைவிருக்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ரியாக்ட் வீடியோக்களில் பாதிக்கு மேல் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' கமாண்டில்தான் தொடங்கும். அதை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. புதிதாக வருகிறவன் முதல் வரியை அடித்ததுமே எச்சரிக்கை மழையில் நனைவான். தப்பு அவனுடையது இல்லை. ஆனால் அவன் அப்படி நினைக்கமாட்டான், "எனக்கு கோடிங் வராது" என்று நினைத்துக்கொள்வான்.

அப்படியானால் சின்னதாக, பைத்தான் மொழியில் எழுதும் ஃபிளாஸ்க்? பைத்தான் தெரிந்த பையன்தான். 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாக்கர் முட்டாள்கள் தின வேடிக்கையாக ஒரே ஃபைலில் அடங்கும் ஒரு ஃபிரேம்வொர்க்கை வெளியிட, அந்த வேடிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் இது. பத்து வரிக்குள் ஒரு வெப்சைட் ஓடும். பிரவுசரிலிருந்து கோரிக்கை வருகிறது, நம் ஃபங்ஷன் பதில் தருகிறது என்ற அடிப்படையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கஷ்டம். அதனால் எல்லாரையும் ஒரு காலை முழுக்க ஃபிளாஸ்க் எழுத வைப்பேன். அதோடு சரி. லாகின் வேண்டும் என்றால் ஒரு பேக்கேஜ், டேட்டாபேஸுக்கு ஒரு பேக்கேஜ், ஃபாரத்துக்கு ஒரு பேக்கேஜ் என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அனுபவசாலிக்கு அது சுதந்திரம். ஆரம்பிப்பவனுக்கு ஒவ்வொன்றும் "எந்த ஃபிரேம்வொர்க்" மாதிரியே இன்னொரு கேள்வி.

முதல் ஃபிரேம்வொர்க் என்பது நமக்குப் பதிலாகப் பெரும்பாலான முடிவுகளை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்க வேண்டும். அவற்றில் சில நமக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்வதே பாதி படிப்பு. ஆகவே ஜாங்கோ என்றேன், அதுவும் பைத்தான்தான்.

ஜாங்கோ பிறந்த இடத்தைச் சொன்னால் ஏன் என்பது விளங்கும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே வரும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' நாளிதழின் வெப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் எழுதத் தொடங்கியது. 2005 ஜூலையில் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞருடையது. பத்திரிகை ஆபீஸ் என்றால் இரண்டு விஷயம்: கேட்டது சீக்கிரம் வேண்டும்; உள்ளே செய்தி ஏற்றுபவர்கள் கோடிங் தெரியாதவர்கள். அதனால்தான் ஜாங்கோவோடு ஓர் அட்மின் பக்கம் கூடவே வருகிறது. டேட்டாபேஸில் என்னென்ன இருக்கும் என்று மட்டும் நாம் எழுதினால் போதும். சேர்க்க, திருத்த, தேட, அழிக்க வேண்டிய திரைகளை அதுவே கொடுத்துவிடும். செய்தி ஆசிரியருக்குப் பதில் எங்கள் பொருளாளர் மாமா. கணக்கு ஒன்றுதான்.

பையன் முதலில் இரண்டு மாடல் (டேட்டாபேஸில் என்னென்ன இருக்கும் என்ற வரையறை) எழுதினான்: தலைக்கட்டு, ரசீது. தலைக்கட்டில் பெயர், தெரு, முழு வரியா அரை வரியா. ரசீதில் எந்தத் தலைக்கட்டு, எவ்வளவு, என்றைக்கு, ரொக்கமா ஜிபேயா. தொகைக்கு ஃப்ளோட் வேண்டாம், அதில் பைசா துல்லியமாக நிற்காது, டெசிமல் போடு என்று மட்டும் சொன்னேன். அப்புறம் மூன்று கமாண்ட்: டேட்டாபேஸில் அட்டவணைகளை உண்டாக்க மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட்; அட்மினில் நுழைய ஒரு கணக்கு தொடங்க கிரியேட்சூப்பர்யூசர். கடைசிக் கமாண்டில் எல்லாரும் நிற்கிற இடத்தில் அவனும் நின்றான். பாஸ்வேர்டு அடிக்க அடிக்க டெர்மினலில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு போய்விட்டது என்றே நினைப்பார்கள். அடி, என்டர் தட்டு, அவ்வளவுதான்.

அட்மினைத் திறந்தால் தலைக்கட்டுப் பட்டியலில் முருகனுக்குப் பதிலாக 'ஆப்ஜெக்ட் (1)' என்று இருந்தது. மாடலுக்குள் ஸ்ட்ரிங் மெத்தட் எழுதிப் பெயரைத் திருப்பிக் கொடு என்றதும் பெயர்கள் வந்தன. தமிழில் தலைப்பு வைத்தால் பன்மைக்காக அது பின்னால் ஓர் ஆங்கில எஸ் எழுத்தை ஒட்டிவிடும். மாடலுக்குள் வரும் மெட்டா என்ற பகுதியில் பன்மைப் பெயரையும் நாமே கொடுத்துவிட்டால் போய்விடும். செட்டிங்ஸில் மொழியைத் தமிழ் ஆக்கினான். சில பொத்தான்கள் தமிழுக்கு மாறின, சில ஆங்கிலத்திலேயே நின்றன. மாமாவுக்கு இந்தக் கலவையே வசதி என்று அப்புறம் தெரிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ரசீதைத் தலைக்கட்டோடு இணைக்கும் ஃபாரின் கீ எழுதும்போது ஜாங்கோ ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தலைக்கட்டை யாராவது அழித்தால் அவருடைய ரசீதுகளை என்ன செய்ய? பதில் சொல்லாமல் நகர முடியாது, 2.0 பதிப்பிலிருந்து அது கட்டாயம். பையன் எங்கோ பார்த்தபடி 'கேஸ்கேட்' என்று போட்டிருந்தான். அப்படியானால் ஆள் போனால் அவர் கட்டிய பணத்தின் தடமும் சேர்ந்து போகும். "மாமா தப்பா ஒரு பேரை அழிச்சா, அந்தப் பணம் யார் வீட்டுக் கணக்குல வரும்?" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'புரொடெக்ட்' என்று மாற்றினான். இப்போது ரசீது உள்ள தலைக்கட்டை அழிக்கப் போனால் அட்மின் மறுத்துவிடும், எந்தெந்த ரசீதுகள் தடுக்கின்றன என்ற பட்டியலையும் காட்டும். டேட்டாபேஸ் பாடத்தில் இதற்கு ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி என்று பெயர். அவன் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். அது ஊர்ப் பணத்தைப் பற்றிய விஷயம் என்பது திண்ணையில்தான் பிடிபட்டது.

அடுத்தது அனுமதிகள். பொருளாளருக்கு ரசீது சேர்க்கலாம், அழிக்க முடியாது. தலைவருக்குப் பார்க்க மட்டும். இதற்கு ஒரு வரி கோடும் எழுத வேண்டாம், அட்மினிலேயே பட்டியலில் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. ஒவ்வொரு பதிவுக்கும் 'வரலாறு' என்று ஒரு பொத்தான் உண்டு. அட்மின் வழியாக யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று அதில் நிற்கும். கணக்குக் கூட்டத்தில் இந்தப் பொத்தானுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்மின் பக்கம் போன் திரைக்கும் அடங்கும் என்பதால் மாமா வாசல் வாசலாகப் போகும்போதே பதிந்துவிடலாம். எக்ஸெல் போதாதா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இந்தப் பத்திதான்.

எரர் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஃபிரேம்வொர்க் புதியவருக்கு உகந்ததா என்று பார்க்க நான் வேண்டுமென்றே எதையாவது உடைப்பேன். பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் டெம்ப்ளேட் ஃபைலின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் ஜாங்கோ மஞ்சள் தலைப்போடு ஒரு பக்கம் காட்டும்: எந்த ஃபைலைத் தேடினேன், எந்தெந்த ஃபோல்டரில் தேடினேன், எதிலும் இல்லை. பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிட்டு சாட்பாட்டிடம் ஓடுகிறார்கள். நான் விடுவதில்லை. முதலில் தலைப்பை வாசி, அப்புறம் உன் ஃபைல் பெயர் எங்கே வருகிறது என்று தேடு. சாட்பாட் நல்லதுதான், ஆனால் அது கொடுக்கிற கோடில் வெவ்வேறு காலத்து ஜாங்கோ கலந்து வருவதுண்டு. வெப் முகவரியைப் பக்கத்தோடு இணைக்கும் 'யூஆர்எல்' என்ற ஃபங்ஷனை இம்போர்ட் செய்யும் வரி இன்னமும் வருகிறது, அது 4.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, இப்போது 'பாத்'. எரரை வாசிக்கத் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. தெரியாவிட்டால் ஒரு சாயங்காலம் போச்சு.

தமிழுக்கு எல்லாம் சொகுசாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயரோடு ஒரு வெப் முகவரி வேண்டும் என்று ஆசைப்பட்டு 'ஸ்லக்' (முகவரியில் வரும் பெயர்த் துண்டு) போடப் போனான் பையன். சும்மா போட்டால் தமிழ் எழுத்து அத்தனையும் உதிர்ந்து வெற்று வரிதான் மிஞ்சும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடை அனுமதி என்று சொன்னால் 'முருகன்' என்பது 'மரகன' என்று வந்தது! எழுத்துகளை வடிகட்டும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொம்பையும் காலையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. குறி என்று நினைத்து வெட்டிவிடுகிறது. திண்ணையில் அன்றைக்கு ஒரே சிரிப்பு, ஆளுக்கொரு பெயரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் முகவரியில் பெயரே வேண்டாம், எண் போதும் என்று முடிந்தது. அடுத்த வீட்டுப் பாக்கியை முகவரியில் பெயரை அடித்துப் பார்க்க முடியாது என்பது கூடுதல் நன்மை. எண்ணையும் மாற்றிப் பார்ப்பார்களே என்றான் உடனே. லாகின் இல்லாமல் அந்தப் பக்கம் திறக்காதபடி பூட்டினோம்.

அகர வரிசையும் அப்படித்தான். நாங்கள் வைத்த எஸ்கியூலைட் டேட்டாபேஸ் எழுத்துகளை யூனிகோட் எண்படி அடுக்கும். அதில் ன என்பது ப, ம, ர எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பதால் கனகராஜ் வந்த பிறகுதான் கருப்பசாமி. ஜ வரிசை ச முடிந்ததும் நுழைந்துவிடும். நம் அகராதி முறை அது இல்லை. இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு, எடுத்துச் சொல்லவும் தயாராக இருந்தேன். பொருளாளர் மாமா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "அகர வரிசை எதுக்கும்மா, நான் தெரு வரிசையிலல்லா வசூலுக்குப் போவேன்." தெருவுக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண். முடிந்தது. பயன்படுத்தப் போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்பதில் இப்படி லாபங்கள் உண்டு.

இவ்வளவு சொன்னதால் எல்லாருக்கும் ஜாங்கோதான் என்று முத்திரை குத்திவிட மாட்டேன். திண்ணைக்கு வரும் இன்னொரு பெண் டவுனில் ஒரு வெப் டிசைன் கடையில் பகுதி நேரமாக வேலைக்குப் போகிறாள். அங்கே வருகிற வேலையெல்லாம் நகைக்கடை, லாட்ஜ், மெட்ரிக் ஸ்கூல் சைட்கள். எல்லாம் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் வைத்த, பல சைட்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், பிஎச்பி மொழியில் ஓடுபவை. அவளுக்கு பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் என்றேன், யோசிக்கவே இல்லை. டெய்லர் ஆட்வெல் 2011இல் கொண்டுவந்தது. இதுவும் முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கும் ரகம்தான். அட்மின் பக்கம் மட்டும் கூடவே வராது, ஃபிலமென்ட் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏற்றும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: லாராவெலின் 'பப்ளிக்' ஃபோல்டர் மட்டும்தான் வெளியே தெரிய வேண்டும். முழு ப்ராஜெக்டையும் அப்படியே ஹோஸ்டிங்கின் பப்ளிக் எச்டிஎம்எல் என்ற திறந்த ஃபோல்டருக்குள் கொட்டினால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் என்வி ஃபைலை ஊரே வாசிக்க வாய்ப்பு உண்டு. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கேட்டால் சொல்ல ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதும் என் கணக்கில் சேர்த்தி. பக்கத்தில் ஆள் இருக்கும் ஃபிரேம்வொர்க், ஆள் இல்லாத நல்ல ஃபிரேம்வொர்க்கைவிட நல்லது.

ரூபி ஆன் ரெயில்ஸை விட்டதற்கும் காரணம் அதுதான். 2004இல் வந்து, இந்த மாதிரிப் பல ஃபிரேம்வொர்க்குகளுக்கு வழி காட்டியது, எழுதவும் இனிமையானது. எங்கள் பக்கம் அதில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது.

ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டை இணையத்தில் ஏற்றுவதை, எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் முதல் வாரத்திலேயே ஏற்றச் சொல்வேன், ஒரே ஒரு பக்கம் இருந்தாலும். அந்த நாளில் ஹெரோக்கு என்ற ஹோஸ்டிங் சேவையில் இலவசமாக ஏற்றலாம் என்று முடியும் பாடங்கள் ஏராளம். 2022 நவம்பரோடு அந்த இலவசத் திட்டம் நின்றுபோனது. பெர்லினில் 2014இல் பெண்களுக்காகத் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் பட்டறையின் பாடம் இணையத்தில் கிடைக்கிறது. இணையம் எப்படி வேலை செய்கிறது என்ற இடத்திலிருந்து ஆரம்பித்து, பைத்தான்எனிவேர் என்ற ஹோஸ்டிங் சேவையில் ஏற்றுவதைப் பாதி வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடும். பையனும் அந்த வழியில்தான் ஏற்றினான். விரிவான எரர் காட்டும் டீபக்கை அணைத்தாயா, சைட் எந்த முகவரியில் ஓடலாம் என்று சொல்லும் அலவ்டு ஹோஸ்ட்ஸில் முகவரி போட்டாயா என்ற இரண்டு கேள்வி மட்டும் என்னுடையது. டீபக் அணையாமல் இருந்தால், நான் புகழ்ந்த அதே மஞ்சள் பக்கம் நம் கோடை ஊருக்கு விரித்துக் காட்டிவிடும்.

பதிப்பு விஷயத்தில் புதுசு பார்த்து ஓட வேண்டாம். 2025 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 5.2 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். படிக்கிற பாடத்தின் பதிப்பும் இறக்கிய பதிப்பும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டாலே பாதித் தலைவலி இல்லை.

வேலைக்கு ரியாக்ட் வேண்டாமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது, பையன் விடவும் இல்லை. வேண்டும்தான். இப்போது அவனிடம் ஓடுகிற ஒரு சர்வரும், உண்மையான டேட்டாவும், குறை சொல்ல ஒரு மாமாவும் இருக்கிறார்கள். பாக்கிப் பட்டியலைத் தெரு வாரியாக வடிகட்டிக் காட்டும் ஒரே ஒரு பக்கத்தை ரியாக்டில் எழுது, மற்றதெல்லாம் ஜாங்கோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு வேண்டிய டேட்டாவை ஜேசான் வடிவில் கொடுக்கும் வியூவை (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷனை) எழுதிவிட்டான். மாமா அதற்குள் ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.